ஒரே கப்பலில் வந்தவர்கள்

"அவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு காலனியில் சில மாதங்களுக்கு முன்பு ஒரு பாட்டி இறந்துபோனார். அவர் பெயரில் ஒரு தொகுப்பு வீடு இருந்தது. அதே வீட்டில் முப்பது வருடத்துக்கும் மேலாக அவருடன் வாழ்ந்த இன்னொரு பாட்டியை அழைத்துக்கொண்டு நான் ஒரு அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவத்தைப் புரட்டியபடி அலுவலர் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது. நம் ஊரில் உறவைக் கேட்பது அப்படித்தான்: என்ன வேணும்?

பாட்டி சொன்னார்: "ஒரே கப்பல்ல வந்தோமுங்க."

அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். "அது சரிங்கம்மா. அக்காவா, தங்கச்சியா? இல்ல நாத்தனார், கொழுந்தியா அந்த மாதிரியா?"

பாட்டி கொஞ்சம் சத்தமாக அதையே திரும்பச் சொன்னார். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். அலுவலரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் கையிலிருந்த படிவத்தில் அந்தப் பதிலை எழுத இடமில்லை. ஓரத்தில் பென்சிலால் 'உறவு இல்லை' என்று குறித்துக்கொண்டார்.

இருவரும் இலங்கை மலையகத்தில் வெவ்வேறு தோட்டங்களில் பிறந்தவர்கள். 1970களில் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம் வந்த ஒரே கப்பலில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வந்தவர்கள். மண்டபம் முகாமில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். ஒருவர் பறையர், மற்றவர் அருந்ததியர். நம் காலனிகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியின் கனம் புரியும். ஊர் நம் எல்லோரையும் ஒரே பெயரில் ஒதுக்கிவைத்தாலும், நமக்குள் தெருவும் குழாயும் சுடுகாடும் பிரித்து வைத்திருக்கிறோம் அல்லவா? இறந்தவருக்குக் கொள்ளி வைத்தது இந்தப் பாட்டிதான். அன்றைக்குக் காலனியில் யாரும் "நீ என்ன வேணும்" என்று கேட்கவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் எனக்கு அந்தப் பதிலே ஓடிக்கொண்டிருந்தது. சமூகவியல் படித்த காலத்தில் அந்தப் பதிலை நான் வேறு மொழிகளில் வாசித்திருக்கிறேன். அதற்கு 190 வயதுக்கு மேல் ஆகிறது. பாட்டிக்குத் தெரியாமலேயே அவர் ஒரு பெரிய மரபிலிருந்து பேசியிருக்கிறார். அந்த மரபை நாம், குறிப்பாகக் கொங்கு மண்ணில் வேலை செய்கிற இளைஞர்கள், தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கப்பலுக்கு முன்னால்

1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். அதே ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி, 'அட்லஸ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 பேரை ஏற்றிக்கொண்டு மொரிஷியஸ் போய்ச் சேர்ந்தது. அடுத்த எண்பது ஆண்டுகளில் பன்னிரண்டு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தார்கள். மொரிஷியஸுக்கு மட்டும் நான்கரை லட்சம் பேர். பிஜிக்கு அறுபதாயிரம், அதில் ஏறத்தாழ கால்பங்கு மெட்ராஸ் துறையிலிருந்து. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ரீயூனியனுக்கும் குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் கொண்டுபோனார்கள்.

தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிக்குப் போன முதல் கப்பல் மெட்ராஸிலிருந்துதான் கிளம்பியது. அதன் பெயர் 'ட்ரூரோ'. 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் கரையை அடைந்தது. 1911 வரை நட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்கினர் மெட்ராஸில் கப்பல் ஏறியவர்கள்.

யார் இவர்கள்? எல்லாச் சாதியினரும் இருந்தார்கள். ஆனால் மெட்ராஸ் கப்பல்களில் நம் மக்கள் கணிசமாக இருந்தார்கள். காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று 1843இல் ஐந்தாம் சட்டம் சொன்னது. சொன்னதோடு சரி. பண்ணையாள் பண்ணையாளாகவே இருந்தான். செங்கல்பட்டு, தஞ்சைப் பக்கத்து மிராசுதார்கள் தங்கள் ஆட்கள் கடல் கடந்து போவதைத் தடுக்கச் சொல்லி அரசிடம் முறையிட்டார்கள். கூலிக்காகப் போகிறவனைத் தடுக்க ஒரு நிலவுடைமையாளன் ஏன் துடிக்க வேண்டும்? அவன் போவது வெறும் பிழைப்புக்காக மட்டும் அல்ல என்பது துடித்தவனுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை மெட்ராஸ் மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் கோவையும் சேலமும் மோசமாக அடிபட்ட மாவட்டங்கள். இன்றைய நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அப்போது சேலம் மாவட்டம். மேட்டாங்காட்டை நம்பி இருந்த நாட்டில் மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடப்பது காட்டுக்காரர் அல்ல, அவர் காட்டில் வேலை செய்கிறவர்தான். சேலம் நெடுக இருந்து ஆட்கள் இலங்கைத் தோட்டங்களுக்கும் கடலுக்கு அப்பாலும் போனார்கள்.

பட்டியலில் இருந்த கட்டங்கள்

மெட்ராஸுக்கு 1860இல் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு வெகு தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசுலாப் படகில் ஏறி, அலையை மோதிக் கடந்து கப்பலுக்குப் போக வேண்டும். வறண்ட மேட்டு நிலத்திலிருந்து வந்து, அதுவரை கடலையே பார்த்திராத ஒருவருக்கு அந்தப் படகுச் சவாரி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏறுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்துப் பட்டியல் எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளத் தழும்பு. நட்டாலுக்குப் போன கப்பல்களின் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் கொள்ளுப்பாட்டனின் ஊரைத் தேடி வருவது இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான். அரசுக்குத் தேவையான எல்லாக் கட்டமும் அதில் இருந்தது. சாதிக்குக் கட்டம் இருந்தது. தழும்புக்குக்கூடக் கட்டம் இருந்தது.

ஆனால் அந்தக் கப்பலிலேயே பிறந்த ஓர் உறவுக்குக் கட்டம் இல்லை.

ஜஹாஜி

வட இந்தியாவிலிருந்து போனவர்கள் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'ஜஹாஜி பாய்', 'ஜஹாஜி பெஹன்'. ஜஹாஜ் என்றால் கப்பல். கப்பல் அண்ணன், கப்பல் தங்கை. டிரினிடாட், கயானா, சூரினாம், மொரிஷியஸ், பிஜி என்று கூலிக் கப்பல் போன இடமெல்லாம் இந்தச் சொல் போயிற்று. பிஜியில் ஒப்பந்தக் கூலியின் பேரனாகப் பிறந்த வரலாற்றறிஞர் பிரிஜ் லால், கப்பலில் உண்டான இந்தப் பிணைப்பு எந்த அளவுக்கு ரத்த உறவுக்கு ஈடாக நின்றது என்று எழுதியிருக்கிறார். அவர் தொகுத்த நூலுக்கே 'சலோ ஜஹாஜி' என்று பெயர்.

எப்படி உண்டானது? மெட்ராஸிலிருந்து நட்டாலுக்கு ஒரு மாதத்துக்கும் மேல். கல்கத்தாவிலிருந்து கரீபியத் தீவுகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதம். கப்பலின் அடித்தளத்தில் தோளோடு தோள் உரசிப் படுக்கை. காலராவும் அம்மையும் வந்தால் சாதி பார்த்து வராது. இரவில் ஒருவர் செத்தால் காலையில் உடலைக் கடலில் விடுவார்கள். தாய் செத்த பிள்ளைக்குப் பக்கத்துப் படுக்கைக்காரிதான் தாய். இப்படி ஒருவர் உயிரை ஒருவர் பிடித்துக்கொண்டு கரை இறங்கியவர்களுக்கு, அதற்குமேல் ஒருவரை ஒருவர் 'யாரோ' என்று சொல்ல முடியவில்லை.

கரை இறங்கியதும் முதலாளிகள் அவர்களைப் பங்கு போட்டுக்கொண்டு வெவ்வேறு தோட்டங்களுக்கு இழுத்துப் போனார்கள். நட்டாலில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் பிடித்து அடைப்பார்கள். கப்பல் அண்ணனைப் பார்க்கப் போவது என்றால் அந்த ஆபத்தை எடுக்க வேண்டும். எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மைல் கணக்கில் நடந்து போனார்கள். கல்யாணத்தில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்திலும் சாவில் பங்காளி நிற்க வேண்டிய இடத்திலும் கப்பல்காரர்கள் நின்றார்கள். அடுத்த தலைமுறை அவர்களைப் பெரியப்பா, சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தது.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஒரு விதி. பல இடங்களில் ஜஹாஜிகளின் பிள்ளைகள் தங்களுக்குள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. அது அண்ணன் தங்கை கட்டிக்கொள்வதற்குச் சமம்.

கொங்கில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இங்கே 'நீங்க என்ன கூட்டம்?' என்று கேட்பார்கள். ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அந்தக் கூட்டத்துக்கு ஒரு குலதெய்வம், ஒரு காணி, எல்லோருக்கும் பொதுவாக ஒரு முப்பாட்டன். கூட்டம் என்பது பிறப்பால் வருவது, ரத்தத்தால் வருவது, யாரும் சேரவும் முடியாது விலகவும் முடியாது என்பதுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தது. கப்பலில் போனவர்கள் அதையே எடுத்துத் தலைகீழாக்கிவிட்டார்கள். காணி இல்லை, முப்பாட்டன் இல்லை, குலதெய்வம் ஊரில் நின்றுவிட்டது. கப்பலே கூட்டம் ஆனது. பறையரும் பள்ளரும் வன்னியரும் முஸ்லிமும் ஒரே கப்பலில் வந்ததால் பங்காளிகள் ஆனார்கள்.

நமக்கு முன்பே இதைச் செய்தவர்களும் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்கள் ஒரே கப்பலில் வந்தவர்களை பிரேசிலில் 'மலுங்கோ' என்றும், டிரினிடாடில் 'மலோங்க்' என்றும், ஜமைக்காவில் 'ஷிப்மேட்' என்றும் அழைத்தார்கள். அங்கேயும் கப்பல் தோழரின் பிள்ளை தன் பிள்ளை. அந்த உறவுக்குள் உடலுறவு கூடாது. புதிய உலகில் கறுப்பின மக்கள் கட்டிய முதல் சமூக உறவுகளில் இதுவும் ஒன்று என்று மானிடவியலாளர்கள் சிட்னி மின்ட்ஸும் ரிச்சர்ட் பிரைஸும் எழுதினார்கள். மொழி வேறு, கண்டம் வேறு. ஆனாலும் எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்கள் கையில் மிஞ்சியதைக் கொண்டு ஒரே மாதிரியான வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். மிஞ்சியது பக்கத்தில் இருந்த மனிதர் மட்டுமே.

மிகைப்படுத்த வேண்டாம்

இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு சறுக்கல் இருக்கிறது. 'கடல் சாதியை அழித்துவிட்டது' என்று கைதட்டிவிட்டுப் போய்விடலாம். அது உண்மை இல்லை.

கப்பலிலேயே சாதி இருந்தது. சமைக்கிற பண்டாரிகளை எல்லோரும் கைநீட்டிச் சாப்பிடக்கூடிய சாதியிலிருந்து எடுத்தார்கள். கழிப்பிடம் கழுவுகிற 'டோபாஸ்' வேலைக்கு யாரை எடுத்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பெண்களின் கதை இன்னும் கடினம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் இருக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு விதி வகுத்ததே, அவ்வளவு குறைவாகப் பெண்களை ஏற்றினார்கள் என்பதற்குச் சாட்சி. கப்பல் அதிகாரிகளின் கொடுமை ஒருபக்கம், தோட்டத்தில் சொந்தக்காரர்களே செய்த கொலைகள் மறுபக்கம். 'கப்பல் அண்ணன்' என்ற சொல் சிலரைக் காப்பாற்றியது, எல்லோரையும் இல்லை. தன் கொள்ளுப்பாட்டியின் கப்பலைத் தேடிப்போன கயுத்ரா பகதூரின் 'கூலி உமன்' நூலை வாசித்தால் இது விளங்கும்.

கரையேறி இரண்டு தலைமுறையில், கையில் காசு சேர்ந்ததும், கல்யாணத்தில் சாதி கேட்பது பல நாடுகளில் திரும்பி வந்தது.

அப்படியென்றால் கடல் என்னதான் செய்தது? சாதியை ஊரில் ஓட வைத்த எந்திரங்கள் கப்பலில் ஏறவில்லை. மிராசுதார் ஏறவில்லை. ஊர்க் கிணறு ஏறவில்லை. தேரோடும் வீதி, அது தீட்டுப்படும் என்கிற விதி, தீர்ப்புச் சொல்லும் ஊர்ப் பஞ்சாயத்து எதுவும் ஏறவில்லை. மனதுக்குள் இருந்த சாதி ஏறியது. அதைக் கட்டிக்காக்கும் ஏற்பாடு கரையில் நின்றுவிட்டது. அந்த இடைவெளியில்தான் ஒரு பறையரும் ஒரு வெள்ளாளரும் ஒரே தண்ணீர்த் தொட்டியில் குடித்து, பிறகு ஒருவரை ஒருவர் 'அண்ணே' என்று கூப்பிட முடிந்தது. சாதி இயற்கை என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டுமா? காவல் இல்லாத இடத்தில் ஒரு மாதத்திலேயே அது ஆட்டம் கண்டது.

அந்த இடைவெளியை நம் முன்னோடிகள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். நீலகிரியில் இளமையைக் கழித்த அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்குக் கோலார் தங்க வயலில் மட்டுமா வாசகர்கள்? பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்தார்கள். அவருடைய சாக்கிய பௌத்த சங்கத்துக்கு ரங்கூனிலும் டர்பனிலும் கிளைகள் இருந்தன. ரெட்டமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். ஊருக்குள் தலைநிமிர இடம் கிடைக்காத அரசியல், கடலோரத்தில் ஆள் சேர்த்துக்கொண்டது.

திரும்பி வந்த கப்பல்

இலங்கைக் கதை வேறு மாதிரி. கங்காணி தன் ஊரிலிருந்து, தன் சொந்தத்திலிருந்து, தன் கைக்கு அடங்கிய சாதிகளிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு போனார். அதனால் சாதியும் கூட்டத்தோடு கப்பலேறியது. லயத்தில் யாருக்கு எந்த வரிசை என்பதில்கூடச் சாதி இருந்தது. பெரிய கங்காணி பெரும்பாலும் நம்மவர் இல்லை. கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களை ஒரே கையெழுத்தில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் பேசி ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கணக்கு சரியாக இருந்தது. யாரை எங்கே அனுப்பலாம் என்று அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை என்று விழுந்தது. தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். கண்டியில் கொடுத்த 'பேமிலி கார்டு' ஒன்றுதான் கையில். அந்தக் கார்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் குடும்பம். நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி வந்து சேர்ந்தார்கள். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் பலர், நூற்பாலைகளில் சிலர், கூடலூர், கோத்தகிரி, கோவை என்று ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஊர் அவர்களுக்கு ஒரே பெயர் வைத்தது: சிலோன்காரங்க.

தலைமன்னார் கப்பல் பயணம் மாதக்கணக்கில் இல்லை. சில மணி நேரம்தான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் ஒரு முழு வாழ்க்கை கழன்று கடலில் விழுந்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்தான் பழைய உலகத்துக்கான கடைசிச் சாட்சி. நம் பாட்டி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கொழந்தைல என்னெத் தெரிஞ்சவங்க யாரும் இந்தக் கரையில இல்ல கண்ணு. அவளுக்கும் இல்ல. அதனால ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்களா இருந்துக்கிட்டோம்."

இருவருக்கும் கணவர்கள் இருந்தார்கள், இறந்தார்கள். ஒருவர் பெற்ற மகளை இருவரும் வளர்த்தார்கள். அவளும் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போன இளவயதிலேயே நோயில் போய்விட்டாள். பிறகு இருவரும் ஒரே வீட்டுக்கு வந்தார்கள். முதியோர் பென்ஷன் இரண்டும் ஒரே டப்பாவில் கிடந்தது. யார் காசு எது என்று பிரித்துப் பார்த்ததில்லை என்கிறார்.

நம் மண்ணில் நட்பின் விலை

தோழர்களே, இதை நான் கொங்கில் உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2015 ஜூனில் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தன்னோடு படித்த தோழி ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தவரைக் கடத்தினார்கள். அடுத்த நாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே, பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இவற்றை 'காதல் விவகாரம்' என்று பேசிப் பேசி நமக்கே பழகிவிட்டது. கோகுல்ராஜ் வழக்கை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு பேர் கோயிலில் உட்கார்ந்து பேசினார்கள். அவ்வளவுதான். சாதிக்குக் கல்யாணம் மட்டும் பயம் இல்லை. பேச்சே பயம். ஒருவர் வீட்டு நடையில் இன்னொருவர் உட்காருவதே பயம். ஏனென்றால் உறவு அங்கேதான் தொடங்குகிறது.

அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் கலப்பு மணமே சாதிக்கு உண்மையான மருந்து என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தை நாம் பல நேரம் தாண்டிப் போய்விடுகிறோம்: ரத்தம் கலந்தால்தான் சொந்தம், பந்தம் என்ற உணர்வு பிறக்கும், அந்த உணர்வு இல்லாதவரை சாதி உண்டாக்கிய அந்நியம் போகாது. அவர் தேடியது அந்த உணர்வை. கப்பலில் போன கூலிகள் ரத்தம் கலப்பதற்கு முன்னாலேயே அதை அடைந்திருந்தார்கள். சேர்ந்து பசித்தார்கள், சேர்ந்து பயந்தார்கள், சேர்ந்து பிழைத்தார்கள். சொந்தம் உண்டாகிவிட்டது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், சகோதரத்துவம் இல்லாவிட்டால் சுதந்திரமும் சமத்துவமும் மேல்பூச்சாகவே இருக்கும் என்று எச்சரித்தார். சகோதரத்துவம் என்ற பெரிய சொல்லுக்கு என் கண்ணில் தெரியும் உருவம், ஒரே டப்பாவில் கிடந்த அந்த இரண்டு பென்ஷன்தான்.

இன்றைக்கு ஒரு ஜோடி வீட்டை விட்டு வெளியேறினால் முதல் இரவு அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பது யார்? பெரியப்பாவா, மாமாவா? நண்பர்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு உடன் போவது நண்பர்கள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடுவது நண்பர்கள். அந்த உறவுகள் ஆறு மாதத்தில் கரைந்துபோக விடுகிறோம் என்பதுதான் நம் பலவீனம். கப்பல்காரர்கள் அதைத் தலைமுறைக்கும் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு உறவுமுறை சொல்லிக் கொடுத்தார்கள். சாவுக்குப் போனார்கள். நாமும் அதைக் கற்றுக்கொள்ளலாம். பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனித்தனிச் சங்கக் கொடியோடு நிற்கிற நமக்குள்ளேயே முதலில் கற்றுக்கொள்ளலாம்.

படிவத்தை என்ன செய்வது?

சட்டம் மெல்ல நகர்கிறது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், குடும்பம் என்பது ஒரே அச்சில் வார்த்தது இல்லை, வழக்கத்துக்கு மாறான குடும்பங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று சொன்னது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், தன்பாலீர்ப்புள்ள ஒரு பெண்ணை அவர் குடும்பத்தார் அடைத்துவைத்த வழக்கில், 'தேர்ந்தெடுத்த குடும்பம்' என்ற கருத்தை வெளிப்படையாக ஏற்றுப் பேசியது. பால்புதுமையர் இயக்கம் போராடிப் பெற்ற சொல் அது. அதை நாம் நன்றியோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லுக்குள் நம் பாட்டிகளுக்கும் இடம் உண்டு.

அதுவரை களத்தில் இருப்பவர்கள் செய்யக்கூடிய சில வேலைகள் இருக்கின்றன. இப்படி வாழும் முதியவர்களை அடையாளம் கண்டு உயில் எழுத வையுங்கள். தான் சம்பாதித்ததை ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் உயிலில் கொடுக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்தால் இன்னும் நல்லது. வங்கிக் கணக்கில் நாமினி பெயரைச் சரிபாருங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் தனக்கான பிரதிநிதியாக உறவினர் அல்லாத ஒருவரையும் நியமித்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். இறந்த பிறகு அலுவலகத்தில் நிற்பதைவிட இருக்கும்போது ஒரு காகிதம் எழுதி வைப்பது எளிது. எங்கள் பாட்டி விஷயத்தில் அந்தக் காகிதம் இல்லை. என்னைப் போன்றவர்கள் பத்து வருடமாக அந்தக் காலனிக்குப் போய் வருகிறோம். எங்களுக்கே தோன்றவில்லை. அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு.

மறுவாரம் புதிதாக ஒரு மனு எழுதினோம். சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் உட்கார்ந்து எழுதினார். 'இறந்தவருக்கு மனுதாரர் என்ன உறவு' என்ற இடத்தில் பேனா நின்றது. தோழி என்று போடலாமா, சகோதரி என்று போடலாமா, உடன் வசித்தவர் என்று போடலாமா என்று எங்களுக்குள் பேச்சு. பாட்டி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னதயே எழுதேன் கண்ணு," என்றார்.

எழுதினோம். ஒரே கப்பலில் வந்தவர். மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. பாட்டி அந்த வீட்டில்தான் இருக்கிறார்.